மாடியில் கட்டிய கம்பிகள்

"ஏண்டி, உனக்குப் பேச்சு வராதா, இல்ல பேசுறதுக்கு நாங்க லாயக்கில்லையா?" என்று பட்டன் ஒருமுறை என்னிடம் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் எப்போதாவது கேட்பதுதான். மற்றவர்கள் அக்காவிடம் கேட்பார்கள், பட்டன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டன் என்பது தையல் கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். சட்டைக்குப் பித்தான் தைக்கும் மேசையில் என் அக்காவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். நல்லவள்தான். சிரிப்பு மட்டும் கொஞ்சம் சத்தம்.

அம்மா போன பிறகு நானும் அக்காவும் சித்தப்பா வீட்டு மாடி அறையில் இருந்தோம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் எழும்பாது. அதனால் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கடைக்காரரிடம், டாக்டரிடம், சித்தியிடம் எனக்காக அக்காதான் பேசுவாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

சித்தப்பா முன்பு மைக் செட் வாடகைக்கு விட்டவர். அவர் போட்டுவைத்த பழைய சாமான்களில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கிடந்தது. அதோடு வந்த ஒயரை நீட்டினால் எங்கள் அறைக்குள் மட்டும் கேட்கும். ஆன்டெனா சரியாக இருந்தால் தெருவைத் தாண்டும் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பழைய திரைச்சீலைக் கம்பிகளை ஆக்சா பிளேடால் அளந்து அறுத்து, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, டிவி கேபிளைக் கோத்து மொட்டை மாடியில் கட்டினேன். நீளம் கொஞ்சம் தப்பினாலும் டப்பா சூடாகிவிடும். பொறுமையாக அரத்தால் ராவிச் சரிசெய்தேன்.

எஃப்எம்மில் ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால் இரண்டும் கலந்து கேட்காது. பலமானது மட்டும் கேட்கும், மற்றது வாயை மூடிக்கொள்ளும். எங்கள் ஊரில் எல்லாக் கடையிலும் ஒரே நிலையம்தான் ஓடும். நான் அதே எண்ணில் வைத்து அக்காவுக்குப் பிடித்த பாட்டுகளைப் போட்டேன். அடுத்த சந்தில் இருந்த தையல் கூடத்து ரேடியோவில் விளம்பரமே இல்லாமல் பாட்டு வந்ததாம்.

சாயங்காலம் சொன்னபோது அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். "அடி ஊமைக்கோட்டான், அது நீயா! மேஸ்திரி கூடத் தலையாட்டினாருடி. யார்கிட்டயும் சொல்லாத. சொல்ல மாட்ட, அது வேற விஷயம்."

அந்த நாட்கள் நன்றாக இருந்தன.

பிறகு அக்கா வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். பட்டனும் அவளோடு போவதாக ஏற்பாடு. "சின்ன ரூம்தான், ரெண்டு பேர் படுக்கலாம். காலூணிக்கிட்டு அப்புறம் உன்னைக் கூட்டிக்கிறேன்டி" என்றாள் அக்கா. நான் தலையாட்டினேன். அப்புறம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஏன் பட்டன், ஏன் நான் இல்லை என்று கேட்க எனக்கு வரவில்லை. அக்காவே சொன்னாள். பட்டன் புருஷனிடமிருந்து ஓடி வந்தவள். அவன் அவள் கையை ஒருமுறை உடைத்திருக்கிறான். கன்னத்தில் தழும்பு உள்ளவன், மெயின் ரோட்டில் டயர் கடையில் வேலை செய்கிறான். அவள் வெளியூர் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "இங்கதான் பழைய குடோனுக்குப் பின்னாடி, இரும்புப் படி ஏறினா மேல் ரூம்ல இருக்கா பாவி. விளக்கடியிலதான் இருட்டு. இந்த மாசம் முடிஞ்சு ஊரைத் தாண்டிட்டா தப்பிச்சா." அக்கா அக்கறையாகப் பேசும்போது அவளை முழுப் பெயர் சொல்லித்தான் பேசுவாள். அன்றும் சொன்னாள். கடைசியில், "உங்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லுடி" என்றாள்.

போன் தலையணைக்கு அடியில் இருந்தது. பதிவாகிக்கொண்டிருந்தது. அக்கா போன பிறகு அவள் குரலைக் கேட்கலாம் என்றுதான் தினமும் வைத்தேன். அதை நம்ப வேண்டும்.

டயர் கடை தூரம். என் ஆன்டெனா அவ்வளவு தூரம் எட்டாது. பின்னால் கொஞ்சம் நீளமான கம்பி ஒன்றும், முன்னால் கொஞ்சம் குட்டையான கம்பிகள் மூன்றும் வைத்தால், நாலா பக்கமும் சிதறுகிற பலமெல்லாம் ஒரே பக்கமாகப் போகும். டார்ச் வெளிச்சம் மாதிரி. அதைக் கட்டினேன். என்ன இது என்று சித்தி கேட்டாள். துணிகளைப் போட்டுக் காட்டினேன். ஈரத்துணி போட்டால் ஆன்டெனா கெடும். அதனால் காய்ந்த துணிகளையே காயப்போட்டேன்.

பாட்டை ஓடவிட்டு, டயர் கடை வரை நடந்து போய்ப் பார்த்தேன். கடை ரேடியோவில் தெளிவாகக் கேட்டது. கன்னத்தில் தழும்போடு ஒருவன் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, காத்து பிடிக்கணுமா? வண்டியை வீட்லயே மறந்துட்டியா?" என்று சிரித்தான். பார்வைக்கு மோசமானவனாகத் தெரியவில்லை. புருஷன் வந்து பெண்டாட்டியைக் கூட்டிப்போவது ஊரில் நடக்காததா. அழுவாள், போவாள். அக்காவின் பயணம் நின்றுவிடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சாப்பாட்டு வேளையில் தையல் கூடத்து ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். அக்காவுக்குக் கேட்காது. அந்த நேரத்தில், பட்டனைப் பற்றி அக்கா பேசிய பதிவைப் போட்டேன். ஒருமுறை கேட்டால் பிரமை என்று நினைப்பான் என்று திரும்பத் திரும்பப் போட்டேன். அக்காவின் குரல் மிகவும் இனிமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் பட்டன் வேலை முடிந்து இரும்புப் படியில் ஏறினாள். அவன் மேலே காத்திருந்தான், டயர் நெம்பும் கம்பியோடு. பட்டனைக் கீழே தூக்கித்தான் வந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள்.

"ரேடியோவுல ஒரு பொம்பளை சொல்லிச்சு" என்று அவன் போலீசில் சொன்னானாம். ஸ்டேஷனே சிரித்ததாம். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று சித்தப்பாவும் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து வந்தவள் குளிக்காமல் நேரே மாடிக்கு ஏறினாள். நானும் பின்னால் போனேன். கம்பிகளின் மேலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். பின்பக்கம் போய் நின்று, ஊசியில் நூல் கோக்கும்போது செய்வதுபோல ஒரு கண்ணை மூடி, கம்பிகள் நீண்ட வழியே பார்த்தாள். அந்த நேர்கோட்டில் மெயின் ரோடு, டயர் கடையின் மஞ்சள் போர்டு.

"காத்துல திரும்பியிருக்கும்க்கா" என்றேன்.

அவள் கட்டுக்கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். குறட்டால் முறுக்கி, அசையாமல் இருக்கச் சுவரிலிருந்த கொக்கியோடு சேர்த்து நான்தான் கட்டியிருந்தேன். கட்டிய இரண்டாவது நாள் தளர்ந்தபோது மறுபடியும் திருப்பி இறுக்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் யாரும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பட்டனைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் அக்கா.

கீழே வந்து இரண்டு தட்டு வைத்தேன். இனி எங்கள் நடுவில் யாரும் இல்லை, எல்லாம் மெல்லச் சரியாகும் என்று நினைத்தேன். அக்கா பையில் தன் துணிகளை எடுத்து வைத்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் செருப்பை மாட்டினாள், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், படியிறங்கிப் போனாள்.