வெயிலுக்கு முன்னால் போகாத வேன்

உட்காரச் சொன்னீர்கள், டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். சந்தோஷம் ஐயா. டீ குடிக்காமல் நான் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டதில்லை.

ஆமத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பெயர் ஊர்க்காவலன். சிரிக்காதீர்கள், குலசாமி பெயர்.

எங்கள் ஊர்ப் பெண்களை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு ஏற்றிப்போவது பலவேசத்தின் வேன். என் மனைவி வள்ளித்தாயும் அதில்தான் போவாள். அவளுக்கு வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. சாயங்காலம் முழுசாகத் திரும்பி வருவாளா என்று தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பேன். வேலையை விடச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"என்னத்துக்கு இப்படிப் பயந்து சாவுதீக? எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதான். வீட்ல உக்காந்து உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கவா?" என்பாள்.

பலவேசத்தின் வேனுக்கு லிஃப்டர் மாற்ற வேண்டியிருந்தது. லிஃப்டர் என்றால் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன உருளை. எஞ்சினுக்குள் ஆயில் அழுத்தத்தில் விறைத்து நின்று வால்வைத் தூக்கிக் கொடுக்கும். கசடு சேர்ந்தால் அதில் ஆயில் நிற்காது. டக்டக்கென்று அடிக்கும். சூடேறினால் வண்டி இழுக்காது, நிறுத்தி ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பலவேசம் புது லிஃப்டர்கள் வாங்கிக் கொடுத்தான். நான் பழையதையே துடைத்து மாட்டி, கெட்டியான ஆயிலை ஊற்றி, ஷெட்டில் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

நியாயம் உங்களுக்கே புரியும். மருந்தை வெயில் ஏறும் முன்னால்தான் கலப்பார்கள். சூட்டில் கலந்தால் சின்ன உரசலுக்கே பற்றிக்கொள்ளும். வேன் பிந்திப்போனால் அன்றைக்குக் கலவை கிடையாது. வள்ளித்தாயைத் திரி சொருக உட்காரவைத்துவிடுவார்கள். நினைத்தபடியே வேன் வழியெல்லாம் நின்று நின்று போனது.

"அண்ணாச்சி, புதுசு மாட்டியும் இழுக்க மாட்டேங்கே" என்று பலவேசம் வந்து நிற்பான். "செட்டாக நாளாகும்லே" என்று அனுப்பிவிடுவேன். அந்த நாட்களில்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அப்புறம் தீபாவளி சீசன் நெருங்கியது. ஒருநாள் வள்ளித்தாய் வேலை விட்டு வந்ததும் சொன்னாள்: "ஆர்டர் நெருக்குதாம். வேன் பிந்தினா வெயில்லயே கலக்குங்கன்னு போர்மேன் சொல்லிட்டாரு. இன்னிக்கு வெயில்லயேதான் கலந்தோம்ங்க."

நான் எழுந்து ஷெட்டுக்குப் போனேன். புது லிஃப்டர்கள் அலமாரியில் துணி சுற்றியபடி கிடந்தன. அன்றைக்கே மாட்டியிருக்கலாம்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். மாட்டினால் வேன் நேரத்துக்குப் போகும். அவள் மறுபடி அந்த அறைக்குத்தான் போவாள். ஆயுசுக்கும் போவாள். அந்த அறையே இல்லாமல் போனால்தான் எனக்கு விடிவு.

மறுநாள் காலையில் நெஞ்சுவலி என்று படுத்துக்கொண்டேன். வள்ளித்தாய் பதறிப்போய், அதே வேனில் வேலைக்குப் போகும் அடுத்த தெருப் பாண்டிச்செல்வியிடம், "எனக்குப் பதிலா இன்னிக்குக் கலவைக்கு நீ நில்லு தாயி" என்று சொல்லி அனுப்பினாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆயில் ஆறியிருந்ததால் எஞ்சின் சுத்தமாகப் பேசியது. 'நிறுத்துலே' என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வள்ளித்தாய் என் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் செய்தி வந்தது. வேன் பிந்தியதால் வெயிலிலேயே கலந்திருக்கிறார்கள். பாண்டிச்செல்வியும் கூட நின்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். அறை தரைமட்டம். எல்லோரும் விபத்து என்றார்கள். பாண்டிச்செல்வி நல்ல பெண், என்னை மாமா என்றுதான் கூப்பிடும். அதற்காக நானும் அழுதேன் ஐயா.

விபத்து என்று முடிந்ததை ஏன் ஸ்டேஷன் வரைக்கும் வந்து கிளறுகிறாய் என்று கேட்கிறீர்கள். வள்ளித்தாய் இனி வீட்டோடு இருப்பாள் என்று நம்பியிருந்தேன். அவளோ, "எனக்கு வந்த சாவை அவ வாங்கிக்கிட்டா. அவ பிள்ளைகள நான்தான் பாக்கணும்" என்று ஒப்பாரி வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு ஆலையில் கலவைக்கே சொல்லிவைத்துவிட்டாள். வருகிற திங்கட்கிழமை சேரப்போகிறாள். அந்த ஆலை வேன் என் ஷெட்டுக்கு வருவதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். இனி கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் அலையவே அவளுக்குப் பொழுது சரியாக இருக்கும். திங்கட்கிழமை கலவைக்குப் போக மாட்டாள், இல்லையா ஐயா?