மாமன் எடுத்த மஞ்சள் சட்டை

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குப் பசி அதிகம், ஆலிம்சா. வெயில் ஏறுவதற்குள் இறங்கி, அந்தச் சின்னப் பந்தைத் துரத்திக்கொண்டு மைதானம் முழுக்க நடந்துவிட்டு வருவார்கள். வரும்போது மேசையில் சோறு இருக்க வேண்டும். பர்மாக்காரர்களுக்கு அது டான்பாவ், நமக்குத் தம் பிரியாணி. ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே அந்த கோல்ஃப் விடுதிக்குப் போய் அடுப்பு மூட்டி ஆக்கிக் கொடுக்கிறேன். சூதாட்டம் நடக்கிற இடத்துக்குச் சோறு ஆக்கலாமா பீர் முகைதீன் என்று நீங்கள்கூட ஒருமுறை கேட்டீர்கள். சோறு ஹலால், தின்கிறவன் பாவம் தின்கிறவனுக்கு என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

இப்போது வேறு காரியமாக வந்திருக்கிறீர்கள். பட்டாளத்துக்குப் போன என் மகன் ஆமிர் மவுத்தாகிவிட்டான் என்று ஊரே பேசுகிறது. மய்யித்து வராது, வடக்கே எங்கோ மண்ணில் போட்டுவிட்டார்கள். அதனால் நாளை ஜும்மாவுக்குப் பிறகு, மய்யித்து இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸாவை அவன் பெயரில் தொழ வைக்கலாம் என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் ஆமிர் பெயரில் வேண்டாம். தொழுகையில் பொய் கலக்கக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை. டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

போன வருஷம் எங்கள் வார்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் போட்டார்கள். ஆமிரின் பர்மியப் பெயர் வந்தது. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறதல்லவா, அந்தப் பள்ளிக்கூடத்துப் பெயர். வார்டு அதிகாரி ஊ சோ தெய்ன் என் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். ஆமிருக்கு இளைப்பு நோய். பனி இறங்கினால் உட்கார்ந்துகொண்டே தூங்குகிறவன். "நா போறேன் வாப்பா, என்ன ஆயிடப் போவுது" என்று அவன் சொன்னான்தான். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் முடிவு எடுக்க முடியுமா?

ஊ சோ தெய்ன் மோசமான மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரை நெருக்குகிறார்கள். நான் பணம் பற்றிப் பேச்செடுத்தபோது கையை அசைத்து மறுத்துவிட்டார். தனக்கு வேண்டியது ஆள் என்றார். வயது ஒத்து, உடம்பு திடமாக ஒருவன் வண்டியில் ஏறிவிட்டால் போதும், அவன் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, அங்கே ஆமிரின் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவார்கள் என்றார். வேறு வார்டுப் பையனாக இருந்தால் இன்னும் நல்லது என்றார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். உண்மையில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

என் தங்கச்சி கரீமாவை உங்களுக்குத் தெரியும். தாகேதாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை மவுத்தானபிறகு அவளையும் அவள் மகன் சர்ஃபராஸையும் பார்த்துக்கொண்டது நான்தான். அவன் படிப்பு, அவன் சாப்பாடு, அவன் கத்னா விருந்து, எல்லாம் என் கை. என் மகள் ருமானாவுக்கு அவன்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தோம். ஆமிருக்கும் அவனுக்கும் வயது கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அவன் உடம்பு வேறு. அரிசி மூட்டையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறுவான். வீட்டுக்கு வரப்போகிற மருமகன் வீட்டுக்காக ஒரு பாரம் சுமந்தால் அதில் என்ன குற்றம் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அந்த எண்ணம் முழுதாகத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிக்கல் ஒன்றுதான். அவன் வெளியே வருவதே இல்லை. ஆள் பிடிக்கிறார்கள் என்று கரீமா அவனைச் சமையலறைக்குப் பின்னால் வைத்துக் கதவைப் பூட்டியிருந்தாள். வீட்டிலேயே வந்து பிடித்தால் அந்தத் தெருவே கூடிவிடும். கரீமா வண்டிக்கு முன்னால் படுத்துக்கொள்வாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

அந்த விடுதியைப் புதுப்பித்துத் திறந்தது அப்போதுதான். பழைய கட்டடம்தான். ஆனால் தரையெல்லாம் புதுக் கம்பளம், கூரையில் கண்ணாடி விளக்கு, நீச்சல் குளத்தில் நீலக் கல். திறப்பு வாரத்தில் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஓர் அறை இலவசம் என்று மேனேஜர் சொன்னார். பெரிய மனிதர்கள் கோல்ஃப் ஆட வருகிற இடம் என்பதால் அந்தச் சாலையில் யாரும் வண்டியை மறிப்பதில்லை. அதை நான் கரீமாவிடம் சொன்னேன். அது உண்மை. நிக்காஹுக்குத் தேதி குறிக்குமுன் மாமன் மருமகனைக் கூட்டிக்கொண்டு போய் விருந்து வைப்பது நம் வழக்கம், சனி ஞாயிறு அங்கே இருந்துவிட்டு வரட்டும் என்றேன். கையில் ஒரு மஞ்சள் டீ சர்ட்டும் கொண்டுபோனேன், காலர் வைத்தது, க்யிம்யிண்டைங் சந்தையில் எடுத்தது. மாமன் எடுத்துக் கொடுக்கிற துணியை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. கரீமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க கூட்டிட்டுப் போறதா இருந்தா எனக்குப் பயமில்லெ நானா. ஞாயித்துக்கெழமெ மஃரிபுக்குள்ளெ கொண்டாந்து உட்டுடுங்க" என்றாள்.

மஞ்சள் நிறத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், விடுதிச் சமையல்கட்டில் எல்லோரும் வெள்ளையும் கறுப்பும்தான் போடுவார்கள். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று ஊ சோ தெய்ன் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். அவன் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். குழாயில் வெந்நீர் வருவதைப் பார்த்துச் சிரித்தான். மெத்தையில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். ஒரு வருஷத்துக்குமேல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பையன். கண்ணுக்கு எட்டின வரை புல்.

"மாமா, அது மேலெ நடந்தா ஏசுவாங்களா?"

"ஏச மாட்டாங்க. நாம விருந்தாளி" என்றேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தான். தொப்பி போட்ட ஒரு பெண், பந்துப் பையைத் தள்ளிக்கொண்டு போகிறவள், முகத்தில் தனாக்கா மரச்சாந்து பூசியிருந்தாள், ஓரமாக நடக்கச் சொல்லி பர்மியத்தில் அதட்டினாள். இவனும் பர்மியத்தில் ஏதோ பதில் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே போனாள். தமிழைவிட அதுதான் அவனுக்குச் சரளம். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ருமானாவையும் இங்கெ கூட்டிட்டு வரணும் மாமா. நிக்காஹுக்குப் பொறவு."

"வரலாமே" என்றேன்.

சூதாட்டக் கூடத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கிற மாதிரி இயந்திரச் சத்தம் வந்தது. ஒருமுறை எட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். அது ஹராம் என்று தடுத்துவிட்டேன். அவன் உம்மா இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த இரண்டு நாளில் அவன் பாவமான காரியம் எதுவும் செய்யவில்லை. ஐந்து வேளையும் என் பக்கத்தில் நின்றுதான் தொழுதான். சஜ்தாவில் எனக்கு அவன் மேல் பாசம் பொங்கியது. பாசம் இல்லாமல் இதைச் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது அநியாயம்.

ஞாயிறு காலை, சமையல்கட்டுக்கு ஒத்தாசைக்கு வருகிறாயா என்று கேட்டேன். புதுச் சட்டையில் எண்ணெய் படுமே என்று தயங்கினான். பட்டால் மாமன் வேறு எடுத்துத் தருகிறேன் என்றேன். பின்வாசல் முற்றத்தில்தான் எங்கள் அடுப்பு. பிரியாணித் தேக்சாவை இறக்கித் தம் போடுகிற நேரத்தில் வண்டி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். மஞ்சள் சட்டையைப் பார்த்தார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோல்ஃப் ஆடினவர்கள் பசியோடு வந்தார்கள். அன்றைக்குச் சோறு நன்றாக வந்திருந்தது, மேனேஜர் இரண்டாவது தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொழுது சாய்கிற நேரம், மஃரிபுக்கு முன் கரீமா வீட்டுக்குப் போனேன். வழியில் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஒங்களயும் அடிச்சாங்களா நானா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். முகாம் வாசல் எல்லாவற்றுக்கும் போனோம். மழையில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் சர்ஃபராஸின் பர்மியப் பெயரைச் சொல்வாள். அப்படி ஒருவன் இங்கே இல்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை ஆலிம்சா. அப்படி ஒருவன் எங்கேயும் இல்லை.

வீட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஆமிர் பட்டாளத்தில் இருக்கிறான் என்பதால் ஆமிர் தெருவில் தலைகாட்ட முடியாது. கடைக்கு மேலே பரணில்தான் இருக்கிறான். உங்கள் தலைக்கு நேர் மேலே. விஷயம் தெரிந்த அன்று சுவரில் முட்டிக்கொண்டான். மறுநாள் என் கையை உதறிவிட்டு ஊ சோ தெய்னிடம் ஓடினான், நான்தான் ஆமிர், என்னை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடுங்கள் என்று. ஆமிர் ஏற்கெனவே போய்விட்டான், நீ யார் என்று கேட்டிருக்கிறார் அவர். இன்னொரு ஆமிர் முளைத்தால் நான், நீ, உன் வாப்பா, மூன்று பேரும் ஜெயிலில், வண்டியில் போனவனும் திரும்ப மாட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளை திரும்பி வந்து படி ஏறினவன்தான். இப்போது நான் ஆக்கின சோற்றைத் தொடுவதில்லை. ருமானா தனியாகக் கஞ்சி வைத்து மேலே கொண்டுபோகிறாள். அவளும் என்னிடம் பேசி நாளாகிவிட்டது. மாமியிடம் சொல்லிவிடுகிறேன் என்று தினமும் கிளம்புவாள், பரண் பக்கம் பார்ப்பாள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன வாரம் ஊ சோ தெய்ன் வந்து, உங்கள் மகன் போய்விட்டான் என்று சொன்னார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் அழுதேன். அந்த அழுகை உண்மையா நடிப்பா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. ஊர் முழுக்க வந்து துக்கம் கேட்டது. கரீமாவும் வந்தாள். "ஆமிரு போயிட்டானே நானா. என் புள்ளயாவது எங்கெயோ உசுரோட இருக்கான்" என்று என் தோளில் சாய்ந்து எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆக நாளைக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பெயர் சர்ஃபராஸ். அவனைப் பட்டாளத்துக்குக் கொடுத்தது நான். செத்தது என் மகன் பெயர், போனது அவன் உயிர். இதை வெளியே சொன்னால் பரணில் இருக்கிறவனை இழுத்துக்கொண்டு போவார்கள், அதனால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். பெயரை மனசுக்குள் நிய்யத்து வைத்தால் போதும். பெண்கள் பக்கம் கரீமா இருப்பாள். தன் மகனுக்குத்தான் தொழுகிறோம் என்று தெரியாமலே அவளும் தொழுதுவிடுவாள், அந்த நன்மையும் பிள்ளைக்குப் போய்ச் சேரும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அவன் சம்மதித்துத்தான் போனானா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் நான் தேக்சா மூடியைச் சுற்றி மாவு ஒட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் அவன் இரண்டு கையையும் பிடித்திருந்தார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்து, மாமா என்று கூப்பிட்டான். ஒரே ஒரு தடவைதான். நான் நிமிரவில்லை. அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை, திமிறவில்லை, தானாக நடந்து போய் வண்டியில் ஏறினான். சம்மதம் இல்லாதவனாக இருந்தால் இன்னொரு தடவை கூப்பிட்டிருப்பான் இல்லையா, ஆலிம்சா?