மாற்றிச் சொன்ன முடிவு

தென்காசியில் படம் விட்டுக் குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு சிறுமியும் அவள் வாப்பாவும். பாப்கார்ன் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை.

“படத்துல அந்தப் பையன் மாய ஊர்லயே தங்கிட்டான். வீட்டுக்கு வந்துட்டான்னுல்லா நீங்க சொன்னிய.”

“சினிமாவுல மாத்திருப்பானுவ.”

“புக்ல எப்படி இருக்கு?”

அவர் சன்னலைப் பார்த்தார். “புக்லயும் வரமாட்டான். துபாய்லேர்ந்து போன்ல ஒனக்கு வாசிச்சேன்லா, நீ அழுவேன்னு கடைசிய மட்டும் மாத்திச் சொன்னேன்.”

மேலகரம் தாண்டியதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“வாப்பா, இனிமே துபாய்க்குப் போவமாட்டேன்னு நேத்து சொன்னியளே.”

“ஆமா.”

“நான் அழமாட்டேன். உள்ளதச் சொல்லுங்க.”

குற்றாலம் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.