புதன்கிழமை அப்பா

"ஹலோ... வீகர்? ஹலோ... ஆமா, கேக்குது, கேக்குதுடா. ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கவே இல்லியே... சரி, சரி. கையில துண்டு இருந்துச்சா. சரி. அவ எங்க?"

யோரிஸ் மாட்டுத் தொழுவத்தின் பின்பக்கம், சாணத் தொட்டியை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். அங்கேதான் சிக்னல் கிடைத்தது.

"வரிசையில எத்தனாவது ஆளு?... ஏழாவதா. ம்... ம். நேரம் இருக்கு. இல்ல, இங்க இன்னும் அவங்க வந்து சேரல."

புதன்கிழமை அவன் வேலையை விட்டுவிட்டு அப்பாவாக மட்டும் இருக்க வேண்டிய நாள். மகள் ஃபென்னா பிறந்தபோதே மனைவி மார்லூஸிடம் கேட்டு வாங்கிக்கொண்ட நாள். அன்றைக்கு அவள் மருத்துவமனைக்கு நர்ஸ் வேலைக்குப் போவாள், அவன் பிள்ளையோடு இருப்பான். இந்தப் புதன்கிழமை ஆறு வயது ஃபென்னாவுக்கு ஸ்வோல்லா நகரில் முதல் நீச்சல் தேர்வு; சட்டை, ஷூவெல்லாம் போட்டுக்கொண்டே நீந்திக் காட்ட வேண்டும். யோரிஸ் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஃப்ரீஸ்லாந்தில், ஹிஸ்கா என்ற பண்ணைக்காரியின் தொழுவத்தில் நின்றான். பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து மூன்று பேர் அவனுடைய விரிப்பைப் பார்க்க வருகிறார்கள். நேற்று மாலைதான் தேதியை மாற்றிச் சொன்னார்கள்.

"ஷூவா? எந்த ஷூ?... பையில வெச்சேனே... வெக்கலியா? துணி போட்டுக்கிட்டு நீந்தறதுக்குச் சட்டை, கால்சட்டை எல்லாம் எடுத்து வெச்சேன்டா. ஷூ மட்டும்... சே. அப்ப இப்ப எதப் போட்டுட்டு நிக்கறா?... டைமனோட பழசா. நீ எடுத்துட்டு வந்தியா? எனக்கு மறக்கும்னு நெனச்சே எடுத்துட்டு வந்தியா?... இல்ல, கோவம் இல்ல. நல்லதுதான். தேங்க்ஸ்."

டைமன் வீகரின் மகன். அவனுக்கும் இன்றைக்குத்தான் தேர்வு. அதனால்தான் ஃபென்னாவையும் கூட்டிப் போகச் சொல்லி நேற்று ராத்திரி வீகரிடம் கேட்பது சுலபமாக இருந்தது. கேட்ட பிறகுதான் தூக்கம் வரவில்லை.

விரிப்புக் கம்பெனியை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். தொழுவத்து வாசலில் போடும் ரப்பர் விரிப்பு அது. மாடு அதன் மேல் நடந்து போனால், எந்தக் காலைத் தயங்கி ஊன்றுகிறது என்று கண்டுபிடித்து, கண்ணுக்கு நொண்டல் தெரிவதற்கு முன்பே சிவப்பு விளக்கு எரிந்து சொல்லிவிடும். சொல்லிவிட வேண்டும். பாதி நாள் சொன்னது, பாதி நாள் சும்மா கிடந்தது. பதினாலு மாதத்துக்கு முன்னால், தனக்குப் புதன்கிழமைகள் வேண்டும் என்று வீகர் விலகிக்கொண்டு தொழிற்பள்ளி வாத்தியாராகப் போனான். அன்றைக்கு யோரிஸ் அவன் முகத்துக்கு நேராகவே சிரித்தான்.

"தலைய யாரு பின்னி விட்டது?... நீயா? உனக்குப் பின்னத் தெரியுமா? எப்பக் கத்துக்கிட்ட?... ம். ம். ரெண்டு சடையா... இல்ல, நான் ஒரு ரப்பர் பேண்டப் போட்டு விடுவேன், அவ்வளவுதான் எனக்கு வரும்... சிரிக்காத."

ஹிஸ்கா தொழுவத்தின் மூலையிலிருந்து எட்டிப் பார்த்துக் கையை விசிறினாள்.

"இதோ வரேங்க ஹிஸ்கா, ஒரு நிமிஷம்... இல்ல, உன்கிட்ட இல்ல. கார் வந்துடுச்சு போல. நீ சொல்லு. அவ எப்படி இருக்கா, பயந்துட்டு இருக்காளா?... எந்த ஓட்டை?... ஓ, படுதா ஓட்டை. தண்ணிக்குள்ள தொங்கவிடுவாங்களே, அதுல பூந்து வரணும். தெரியும், நானும் சின்ன வயசுல செஞ்சிருக்கேன். அதுக்கென்ன?... என்னது? மார்ச்லேர்ந்தா?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"மார்ச்லேர்ந்து அந்த ஓட்டைன்னா பயமா? அவளுக்கா?... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. தினமும் ராத்திரி பக்கத்துல படுத்துக் கத சொல்றேன்டா... சரி, தினமும் இல்ல. ஆனா சொல்றேன்... உங்கிட்ட எப்பச் சொன்னா?... ம்... ம். கொடியில பெட்ஷீட்டக் கட்டி... நடுவுல ஓட்டை போட்டு... ஓடி ஓடிப் பூந்தாங்களா, ரெண்டு பேரும். உங்க வீட்டுத் தோட்டத்துல. அப்பறம் ஏரியில... எத்தன புதன்கிழமை?... ஆறா?"

ஆறு புதன்கிழமை. அந்த ஆறு நாளும் எங்கே இருந்தோம் என்று அவன் நினைத்துப் பார்த்தான். இரண்டு நாள் பட்டறையில். ஒரு நாள் டியூஸ்பர்க் ஊரில், விரிப்புக்கு ரப்பர் தருகிறவனோடு. மற்ற மூன்று நாளும் வீட்டில்தான். சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபென்னா டைமனோடு விளையாடப் போகட்டுமா என்று கேட்டபோது நிமிர்ந்தும் பார்க்காமல் தலையாட்டியிருக்கிறான். நிம்மதியாகக்கூட இருந்தது.

"எனக்கு ஏன்டா சொல்லல?... அவ சொல்லட்டும்னு விட்டியா. அப்ப அவ ஏன் சொல்லலியாம்?... சொல்லு, பரவால்ல... விரிப்பு வேல முடிஞ்சதும் அப்பாகிட்ட சொல்லிக்கறேன்னாளா?"

கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் முற்றத்திலிருந்து கேட்டது.

"இருக்கேன், இருக்கேன். கட் ஆகல... வீகர், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. உனக்கு ஒரு புள்ள இருக்கான் இல்ல? அவனுக்குத் தல பின்ன முடியாதுங்கறதுக்காக என் பொண்ண எடுத்துக்கிட்டியா?... இல்ல, வெளையாட்டா சொல்லல. கம்பெனிய எந்தலையில போட்டுட்டு நீ பாட்டுக்குப் போன. போய், எங்கிட்ட இருந்த நல்லத எல்லாம்... இரு, நான் பேசி முடிச்சுடறேன். ஷூ நீ. சட நீ. பயம்னா நீ. போன வாரம் பல்லு விழுந்துச்சே, அதக்கூட உங்க வீட்லதான் புடுங்குனாளாம். வீட்டுக்கு வந்து எங்கிட்ட ஓட்டையத்தான் காட்டுனா."

எதிரில் ஹிஸ்கா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர் காலில் நீல பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். யோரிஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்க, வாங்க. வணக்கம். வீட்லேர்ந்து போன், இதோ வந்துட்டேன். ஹிஸ்கா, நீங்க கதவத் தொறந்து மாட்ட விடுங்க. விரிப்பு ஓடிட்டுத்தான் இருக்கு, நான் தொட வேண்டியது ஒண்ணும் இல்ல."

அவர்கள் நகர்ந்தார்கள். அவனும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தான். உள்ளே சிக்னல் அறுந்து அறுந்து வந்தது.

"ஆ, சொல்லு... என்ன போட்டோ?... பேப்பர்ல வந்ததா. அது ஜனவரில வந்தது, அத இப்ப எதுக்கு... ஆமா, நான் மட்டும்தான் இருந்தேன். அவங்கதான் ஒருத்தர் போதும்னு... ஆமா. ஆமாடா, யோசன உன்னோடதுதான். யாரு இல்லன்னா? ஹிஸ்கா வீட்டு மாடு நொண்டறதப் பாத்துட்டுக் கார்ல திரும்பி வரும்போது நீதான் சொன்ன. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு... அவங்க கேக்கலியா, நான் சொல்லலியான்னா... ம்."

மாடுகள் ஒவ்வொன்றாக விரிப்பின் மேல் வந்தன. பச்சை விளக்கு. மறுபடி பச்சை. மூன்று பேரில் ஒருவர், வழுக்கைத் தலையர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொல்லல. கேட்டாங்க, நான்தான் உன் பேரச் சொல்லல. நீ வீட்ல உக்காந்து புள்ளையக் கொஞ்சிட்டு இருக்க, பேரும் வேணுமான்னு இருந்துச்சு. போதுமா?... நாலு மாசமா வெட்டி வெச்சிருக்கியா அத? எங்க?... கராஜ்லயா. தினமும் பாக்கறியா... எனக்கு என்னடா தெரியும். நீ நிம்மதியாப் போயிட்டன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

வீகருக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்பது யோரிஸுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவே இருந்தது. அப்படி ஆறுதல்பட்டதற்காக வெட்கமும் வந்தது.

"என்ன சத்தம்?... அவ முறையா? ஆறாவது பையன் முடிச்சுட்டானா?... என்ன கேக்கறா?... நீ அந்தப் பக்கம் போய் நிக்கணுமா. ஓட்டைக்கு அந்தாண்ட. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டணுமா. அப்ப போன்... கேமராவும் விடமாட்டாங்க இல்ல அங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டே நில், எனக்குச் சொல்லிக்கொண்டே இரு என்று கேட்க வேண்டும் போல யோரிஸுக்கு இருந்தது. கேட்டால் வீகர் செய்வான். கேட்டதை மறுக்கிறவன் இல்லை அவன்.

"பாக்கெட்டுல போட்டுக்க. கட் பண்ணாம போடு. ரெண்டு கையும் அவளுக்குத் தெரியட்டும். போ. போடா, நேரமாவுது."

பிறகு காதில் துணி உரசும் சத்தம் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, குழந்தைகளின் கூச்சல், ஒரு விசில். யோரிஸ் மற்றொரு காதைக் கையால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

யாரோ தோளைத் தட்டினார்கள். ஹிஸ்கா. அவன் கண்ணைத் திறந்தபோது தொழுவத்து வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நூற்றுப் பதினேழாம் நம்பர் மாடு. ஹிஸ்காவே உதட்டைப் பிதுக்கினாள். நேற்றுவரை அது நேராகத்தான் நடந்தது, இப்போதும் நேராகத்தான் நடக்கிறது. விரிப்பு தவறாகச் சொல்கிறது என்று வழுக்கைத் தலையருடைய முகம் சொன்னது. ஹிஸ்கா ஒன்றும் பேசாமல் மாட்டைக் கம்பித் தடுப்புக்குள் நிறுத்தி, பின்னங்காலைத் தூக்கிக் கட்டி, கத்தியால் குளம்பைச் சுரண்டினாள். மெல்லிய சீவல் ஒன்று விழுந்தது. இன்னொன்று. மூன்றாவது சீவலுக்கு அடியில் கறுப்பாக, நகத்தளவு புண் தெரிந்தது.

வழுக்கைத் தலையர் தன் நல்ல காற்சட்டையோடு சாணத் தரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். மற்ற இருவரும் போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார்கள்.

யோரிஸின் காதில் துணி மறுபடி உரசியது.

"ஹலோ... ஹலோ, வீகர்? என்னாச்சு?... வந்துட்டாளா? பூந்து வந்துட்டாளா?... ஒரே மூச்சுலயா. தலையில இடிக்காம... ம்... ம். ஆமா. அப்பறம்? மேல வந்ததும்?... இரு. நான் ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. மேல வந்ததும் மொதல்ல யாரப் பாத்தா? சுத்திமுத்திப் பாத்தாளா, யாரையாவது தேடுனாளா?"

தொழுவத்தில் ஒரு மாடு நீளமாகக் கத்தியது.

"உன்னையா. நேரா உன்னைய... தேடல. சரி. இல்ல, நீ உண்மையச் சொன்ன பாரு, அதுதான் வேணும். சரிடா."

முழங்கை மடிப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சட்டையில் மாட்டு வாடை அடித்தது.

"இங்கயா?... இங்க ஒண்ணும் இல்ல. மாடு நடக்குது, பாக்கறாங்க... இல்ல, செவப்பு எரியல. பச்சதான். வழக்கம்போலத்தான்."

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கு எரியும் நாளுக்காக இரண்டு குளிர்காலம் குளிரும் பட்டறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவன் வீகர். அந்த நொடி, வீகருக்கு அதைக் கொடுக்க யோரிஸுக்கு மனசு வரவில்லை. ஃபென்னாவின் தலை தண்ணீருக்கு மேலே வந்த நொடி வீகரிடம் இருக்கிறது, இதுவாவது என்னிடம் இருக்கட்டும்.

"என்ன வருத்தப்படாதங்கற. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இன்னொரு தடவ வரச் சொல்லலாம்... நீ வர்றியா? எதுக்கு? லீவு போட்டுட்டா... வீகர், வேண்டாம்டா... யாரு? அவளா? குடு, குடு."

"ஃபென்னா கண்ணு. கேட்டேன்டா செல்லம், எல்லாம் கேட்டேன். பாக்கெட்டுக்குள்ளேர்ந்து கேட்டுச்சு... உள்ள இருட்டா இருந்துச்சா?... நீலமாவா. தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்தியா? நான் ஒரு நாளும் தொறந்ததில்ல தெரியுமா... ம்... ம். வீகர் கை பெரிசாத் தெரிஞ்சுச்சா... ஆமா, பெரிய கைதான் அவனுக்கு. இல்ல, அப்பா அழல. சளி... என்ன கேட்ட?"

குழந்தை கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு வீகரிடம் சொன்னதையே திருப்பிச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். தடுப்புக்குள் ஹிஸ்கா மாட்டின் குளம்பில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எரிஞ்சுதுடா. செவப்பு எரிஞ்சுது... ஆமா, நெஜம்மா. நூத்திப் பதினேழாம் நம்பர் மாடு. யாருக்குமே தெரியல, ஹிஸ்காவுக்கே தெரியல, விரிப்புக்கு மட்டும் தெரிஞ்சுது. கால்ல குட்டியா ஒரு புண்ணு... மருந்து போட்டாச்சு. அதுக்கு இனிமே வலிக்காது... இல்ல, வீகருக்குத் தெரியாது. நான் இன்னும் சொல்லல... ஏன்னா... அப்பா கெட்டவன், அதான். நீ சொல்லு. ஃபென்னா, கேளு, நீயே போய்ச் சொல்லு அவன்கிட்ட. அவன் கண்டுபுடிச்ச விரிப்பு வேல செஞ்சுடுச்சாம்னு சொல்லு. அப்பறம்... ஃபென்னா? ஃபென்னா, இரு, அப்பா இன்னும்..."

ஈரத் தரையில் சின்னக் கால்கள் சளப் சளப்பென்று ஓடும் சத்தம் கேட்டது. வீகரின் பெயரைக் கூவிக்கொண்டே அவள் ஓடினாள். போன் எங்கேயோ பெஞ்சில் மோதியது, லைன் அறுந்தது.