உட்கார்ந்த பூனையின் வால்

விழாத் தலைவராக வீற்றிருக்கும் கேபிள் டிவி உரிமையாளர் பாபநாசம் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மாலை நாடகத்தைத் தியாகம் செய்து மன்றம் வந்திருக்கும் தாய்மார்களே! பிடிக்காவிட்டால் நழுவிவிடலாம் என்ற முன்யோசனையோடு பின்னால் நிற்கும் தச்சநல்லூர் இளைஞர்களே! தாமிரபரணித் தண்ணீர் குடித்துத் தழைத்த தமிழ் நெஞ்சங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் வாளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வேலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வில்லைப் பற்றி ராதாபுரத்தில் கூட்டம் கலைந்த பிறகும் பேசியிருக்கிறேன். வாலைப் பற்றிப் பேச இன்றுதான் அழைத்திருக்கிறீர்கள். அதுவும் பூனையின் வால். அதுவும் கம்ப்யூட்டரில் வரைந்த பூனையின் வால். மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நோட்டீசில் பெயரை அச்சடித்துவிட்டார்கள். யார் அங்கே சிரிப்பது? பிச்சைக்கண்ணுவா? உம்ம டீக்கடைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு, பொறும்.

சென்ற ஐப்பசியில், நம் கேபிளில் ஏழு மணிப் படம் தொடங்குமுன் ஒரு பூனை வந்தது. மஞ்சள் பூனை, மையிட்ட கண், மெல்ல மெல்ல நடை. திரையின் இந்தக் கோடியில் புறப்பட்டு அந்தக் கோடியில் மறையும். வரைந்தவர் சித்ரலேகா, கருவூலத்தில் பணிபுரியும் நம் நடராஜ் அண்ணாச்சியின் மகள். கேபிள் ஆபீஸ் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்து படம் வரைவது அவர் வேலை. அழகிய பூனை, அசையும் பூனை, யாருக்கும் தீங்கு எண்ணாத பூனை. ஆனால் அந்தப் பூனை நடந்தது எப்படி? குறுக்கே! வீட்டுக்கு வீடு, கூடத்துக்குக் கூடம், ஒரே நேரத்தில் குறுக்கே!

விளைவு என்ன? செருப்பை மாட்டியவர் கழற்றினார். குடையை எடுத்தவர் வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் படத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தவர் பயணத்தை மறந்தார். மாஞ்சோலைக்குப் போகவேண்டிய ஒருவர் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டு நம் பாபநாசம் அண்ணாச்சியிடம் நியாயம் கேட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. சித்ரலேகாவைப் பெண் பார்க்க, அடுத்த தெருவிலிருந்து ஒரு குடும்பம் தாம்பூலத் தட்டோடு புறப்பட்டது. அவர்கள் வீட்டிலும் நம் கேபிள்தான். மணியும் ஏழுதான். நடராஜ் அண்ணாச்சி வீட்டு போன் அடித்தது.

"கோவிச்சுக்கிடாதீங்க, பொறப்படையில பூனை குறுக்க போயிட்டு. இன்னொரு நாள் வாறோம்."

"எந்தப் பூனை?"

"டிவி பூனைதான்."

போனை வைத்த நடராஜ் அண்ணாச்சி கேபிள் ஆபீஸ் மாடி ஏறி வந்தார். "பொண்ணு பாக்க வாறவங்கள பொண்ணே மறிச்சிட்டாளே! நாளையில இருந்து அவ இங்கன வரமாட்டா" என்றார்.

நம் தலைவர் விடுவாரா? "பைய பேசும் வே. பூனைய உக்கார வச்சிருவோம். உக்காந்த பூனை எப்படி வே குறுக்க போவும்?"

"சனிக்கிழமைக்குள்ள பூனை உக்காரணும். இல்லேன்னா இவ வீட்டுல உக்காருவா."

அன்பர்களே, ஒரு பெண்ணின் உத்தியோகம் ஒரு பூனையின் உட்காரலில் வந்து நின்றது!

உட்கார வைப்பது எளிதா? நடக்கும் பூனைக்கு வால் எப்படி இருந்தாலும் கால்கள் காப்பாற்றிவிடும். உட்கார்ந்த பூனைக்கு வாலே சாட்சி. முதலில் சித்ரலேகா நேராக ஒரு வால் வைத்தார். பூனைக்குப் பின்னால் யாரோ விளக்குமாற்றைச் சாத்தியது போல் இருந்தது. அடுத்து மேலே தூக்கிச் சுருட்டினார். டீக்கடையிலிருந்து டீயோடு மாடி ஏறி வந்து எட்டிப் பார்த்த பிச்சைக்கண்ணு, "ஏ தாயி, நாய்க்கு எதுக்கு மீசை வச்சிருக்க?" என்றார். சொன்னீரா இல்லையா? சொன்னார். ஒருநாள் முழுக்க வரைந்த வால், கரண்டு போனதும் போயிற்று. வால் வரைவதும் அழிப்பதும், அழிப்பதும் வரைவதுமாக வாரம் ஓடியது. மகளைக் கூட்டிப்போக மாலைதோறும் வந்து நின்ற நடராஜ் அண்ணாச்சி, அழிந்த வால்கள் அத்தனையையும் கண்ணால் கண்டார்.

வெள்ளிக்கிழமை சித்ரலேகா எங்கே போனார்? தாஜ் முகம்மது அண்ணாச்சியின் மீன்கடைக்கு! சைவ வீட்டுப் பெண், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, மீன்கடைப் பூனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, வழிதவறி வந்துட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி, வால் பாக்க வந்தேன்."

பார்த்தார். பார்த்ததும் புரிந்தது. முதுகு எங்கே முடிகிறது? வால் எங்கே தொடங்குகிறது? அந்தப் பூனைக்கே தெரியாது! கழுத்தில் கிளம்பிய கோடு முதுகில் வளைந்து, இடுப்பில் இறங்கி, வாலாய் நீண்டு, நுனியில் மட்டும் சுருள்கிறது. இதுவரை அவர் பூனையை முடித்துவிட்டு வாலை ஒட்டவைத்திருக்கிறார். ஒட்டவைத்தது ஒட்டவைத்ததாகத்தான் தெரியும்.

திரும்பி வந்தார். பூனை முழுவதையும் அழித்தார். வெறும் திரையில், கழுத்து முதல் வால்நுனி வரை ஒரே கோடு இழுத்தார். பிறகுதான் தலை, பிறகுதான் கால். முன்னங்காலைச் சுற்றி வால் மடிந்து கிடந்தது. நுனி மட்டும் லேசாக அசைந்தது. நம் தலைவர் குனிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இது இனி எந்திரிக்காது."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தடையின்றி வந்தார்கள். கேசரி வந்தது, காப்பி வந்தது, ஏழு மணிக்குப் பூனையும் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் பார்த்தார். "என்ன லட்சணமா உக்காந்திருக்கு! ஆனா கல்யாணத்துக்கப்புறம் கம்ப்யூட்டர் எல்லாம் எதுக்கு? வீட்டோட இருக்கட்டும்."

சித்ரலேகா குரலை உயர்த்தவில்லை. "அத்தை, நானும் அந்த வேலையில உக்காந்தாச்சு. எந்திரிக்கதா இல்ல."

கூடத்தில் இருந்த எல்லோரும் நடராஜ் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். "காப்பி ஆறுது, குடிங்க. அவ எந்திரிக்க மாட்டா" என்றார்.

அந்தச் சம்பந்தம் போயிற்று. குறுக்கே எதுவும் போகவில்லை. ஒரு பெண் உட்கார்ந்தாள், போயிற்று. போகட்டும்! எனக்குச் சந்தோஷம். இன்று முதல் அவர் நம் கேபிளின் படப்பிரிவுக்குப் பொறுப்பாளர். அது எனக்கு அதைவிடச் சந்தோஷம்.

இப்போது சித்ரலேகா எழுந்து மேடைக்கு வந்து பொன்னாடை பெறவேண்டும் என்று நிகழ்ச்சி நிரல் சொல்கிறது. வேண்டாம் அம்மா. நீ உட்கார்ந்திரு. மேடை இறங்கி வரும். நடராஜ் அண்ணாச்சி, நீர் எழுந்திரும். இந்தப் பொன்னாடையைப் பிடியும். உம் மகளுக்கு நீரே போர்த்தும்.

கேட்ட காதுகளுக்கும், தட்டப்போகும் கைகளுக்கும், பொறுத்த தாய்மார்களுக்கும் நன்றி. வாழ்க நீவிர்! வணக்கம்.