சமரசக் கட்டத்தை நிரப்ப மறுத்தவருக்கு

ஜூன் 29, திங்கள்.

மார்ச் மாதம் பதிவேட்டில் நான் இட்ட ஒரு டிக் தவறு என்று இன்று தெரிந்தது. சின்ன டிக்தான், ‘சமரசம்’ என்ற கட்டத்தில் இட்டது. நான் படிக்கும் மாலை வகுப்பு முடிந்து வந்ததும் நாட்குறிப்பில் இதைத்தான் முதலில் எழுதினேன். நாளை பணி நிறைவு விழாவில் வாசிக்க வேண்டிய மடலையும் இதிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று பட்டது.

அஞ்சி வந்தவர்க்கு அமர நாற்காலியும், அழுது வந்தவர்க்கு ஆறுதலாய்த் தேநீரும், அதன் பிறகே விண்ணப்பத் தாளும் தந்த அம்மையீர்! குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலராகப் பதினோரு ஆண்டுகள் எங்களோடு இருந்து, இன்று பணி நிறைவு பெறும் மங்களம் அவர்களே! வணக்கம்.

உங்களைப் பாராட்ட நான் முதலில் எழுதிய வரி, ‘பிரிந்த குடும்பங்கள் பலவற்றைச் சேர்த்து வைத்த பெருந்தகையே!’ என்பது. அலுவலக உதவியாளர் அழகேசன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னா கண்ணு, அம்மாவ வாழ்த்துறியா, வையிறியா? இத்தப் படிச்சா, போட்ட மாலையக் கயட்டி உன் கயுத்துல மாட்டிட்டுப் பூடும்.” வரியை அடித்துவிட்டேன்.

சேர்த்து வைப்பதை நீங்கள் சாதனையாக எண்ணியதே இல்லை. மாத அறிக்கையில் சமரசத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் எண் கூடினால் மேலிடத்துக்கு மகிழ்ச்சி, வார்டுப் பிரமுகருக்குப் பெருமை. “எப்படியாச்சும் சேத்து வெச்சி அனுப்புங்கம்மா” என்று தொலைபேசியில் சொல்ல எல்லாக் கட்சியிலும் ஆள் இருந்தார்கள். நீங்களோ, புகார் தந்த பெண் தனியாக, மாதம் ஒரு முறையாக மூன்று முறை வந்து, தன் வாயால் சொன்னால்தான் அந்தக் கட்டத்தைத் தொடுவீர்கள். ஒரு கூட்டத்தில், “உங்க ஆபீஸ்லதான் சமரசம் ரொம்பக் கம்மி” என்றார்கள். “சமரசம் கம்மி இல்ல சார், பொய்தான் கம்மி” என்றீர்கள். அந்த ஆண்டு நமக்குப் பாராட்டுச் சான்றிதழ் வரவில்லை.

கொடுமை ஒன்று செய்தியாகும்போதெல்லாம் மேடைகள் முழங்குகின்றன. தண்டனையைக் கூட்டச் சொல்கின்றன. கூட்டட்டும் என்பீர்கள். பிறகு, “தூக்குல போடுன்னு கேக்க ஆயிரம் பேர் இருக்காங்க தீபிகா. இவளுக்கு வீட்டுச் சாவியக் குடுன்னு கேக்க நாமதான் நாலு பேர்” என்பீர்கள். குடியிருந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குச் சட்டம் தந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைப்பதே வழக்கமாக இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதைப் பார்க்காமலேயே இந்த மாலையை ஏற்றுக்கொள்கிறீர்கள்.

இனி என் தவறு. வந்தவர் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பது நீங்கள் கற்பித்தது. எனவே அவரைச் சரசா என்று அழைக்கிறேன். பாடி பகுதியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறவர். கணவர் மீது புகார் தந்திருந்தவர், மார்ச் கடைசியில் அதே கணவரோடும் மாமியாரோடும் வந்து, “ஒண்ணும் இல்லமா, நாங்களே பேசிக்கினோம்” என்றார். நிதியாண்டு முடிவதற்குள் நிலுவை இல்லாத பதிவேடு வேண்டும் என்ற ஆசை எனக்கு. மூன்று முறை வரட்டும் என்று காத்திருக்காமல் டிக் இட்டேன். கட்டுக் கட்டாக வைத்த தாள்களுக்கு நடுவே, என்னை நம்பி நீங்களும் கையெழுத்திட்டீர்கள். கோப்பு மூடப்பட்டது.

நேற்று, திங்கள் காலை, சரசா இரண்டு பைகளோடு வந்து நின்றார். “பூட்ட மாத்திட்டான்மா. அன்னிக்கு ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்னுகினு இருந்தாங்க, நான் வேற இன்னா சொல்ல?”

விடுதியில் இடம் கேட்கட்டுமா என்றேன்.

“ஆஸ்டலு இன்னாத்துக்கு? எனுக்குத்தான் ஊடு கீதே! பன்னெண்டு வருசமா கீறேன். அந்த ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்சதே நான்தான். அத்த உட்டுட்டு எங்க போவ?”

மூடிய கோப்பைத் திறக்க அலுவலரின் கையெழுத்து வேண்டும். உங்களுக்குப் பின் யார் என்ற உத்தரவு இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை. தலை குனிந்து நின்ற என்னிடம், “கையெழுத்து என்னோடது. அதனால தப்பும் என்னோடது. போய் ஃபைல எடு” என்றீர்கள். “நாளிக்கு ரிட்டையரு, இன்னிக்கு ஃபைலத் தொறக்கிறீங்களே” என்றார் அழகேசன் அண்ணன். “நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் சம்பளம் வாங்கறேன்ல?” என்றீர்கள்.

வாழை இலைக்கும் மாலைக்கும் நாங்கள் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் சரசாவை எதிரில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினீர்கள். ‘வசிப்பிடம் கோருகிறார்’ என்று நான் தட்டச்சு செய்ததை அடித்து, ‘தன் வீட்டுக்குத் திரும்பக் கேட்கிறார்’ என்று திருத்தினீர்கள். இன்று மதியம், இந்த விழாவுக்கு அரை மணி முன்பு, அந்த அறிக்கையின் கடைசித் தாளில் கையெழுத்திட்டுப் பேனாவை மூடினீர்கள்.

அம்மையீர்! விடைதர மனமில்லாமல் விடைதருகிறோம். நாளை அந்த நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள். வருகிறவர்கள் மட்டும் வருவார்கள். நீங்கள் இன்னும் ஓராண்டு இருந்திருக்கக் கூடாதா என்று ஓய்வு விதி தெரிந்த நாங்களே ஏங்குகிறோம். மூட்டு வலி தணிந்து, ஆவடி மின்ரயிலில் உட்கார இடம் கிடைத்து, நல்ல உறக்கமும் நீண்ட ஆயுளும் பெற்று வாழுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ் அல்ல, உங்களோடு பணியாற்றியவர்கள்
எழுதியவர்: தீபிகா, கணினிப் பதிவாளர்
ஜூன் 30, செவ்வாய்

நாளைய பணி: ஜூலை 1, புதன். காலை பத்து மணிக்குச் சரசாவுடன் நீதிமன்றம். அறிக்கையைத் தாக்கல் செய்து, முதல் விசாரணைக்கு எந்தத் தேதி என்று கேட்டு எழுதி வர வேண்டும்.