உளி வைக்கும் முன்

— பிளம்பர் அண்ணே, உளிய கீழ வைங்க முதல்ல! என் அலமாரி மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கேமராவுல இருக்கிற வீடியோ டேப்ப ஓட்டிப் பாக்கணும்.

— நமக்கென்னக்கா, உடைக்கச் சொன்னா உடைப்போம், பாத்துக்கங்க. பைப் அலமாரிக்குப் பின்னாடிதான் போகுதுன்னு சார் சொல்றாரு.

— பின்ன? வீடு கட்டும்போது கூடவே நின்னு வீடியோ எடுத்தவன் நான். சொன்னாக் கேளும்மா, சுவத்துல ஓதம் ஜன்னல் வரைக்கும் ஏறிடுச்சு.

— ஏறட்டும்ங்க. இத்தன வருஷம் கெஞ்சிக் கூத்தாடி, போன மாசந்தான் இந்த அலமாரி வந்துச்சு. அதுக்குள்ள பேத்தெடுக்கணுமா? நீங்க எடுத்த வீடியோதானே, அதுலயே பாத்துடலாம்.

— அதான் காலையிலயே பாத்தாச்சே. கேமராவுல திரை செத்துப்போச்சு. யுஎஸ்பி வயர கம்ப்யூட்டர்ல குத்தினா வெறும் போட்டோதான் வருது. அதுலயும் உங்கண்ணன் சிமெண்ட் மூட்டை மேல ஏறி நின்னு பல்லக் காட்டுறான். டேப் அழிஞ்சுபோச்சு, விடு.

— அழியலைங்க. அந்த வயர் கார்டுல இருக்கிற போட்டோவ மட்டுந்தான் எடுக்குமாம். டேப்புக்கு வேற வழி. இந்த ரப்பர் மூடியத் திறந்தா இன்னொரு பொடி ஓட்டை இருக்கு பாருங்க. அதுக்கு ஃபயர்வயர்னு தனி வயர் வேணும்னு கேமராக் கடைக்காரர் பாத்ததுமே சொல்லி, இதக் கொடுத்துட்டாரு.

— ஃபயரா? அக்கா, இங்க தண்ணி வேற ஒழுகுது, பாத்துக்கங்க.

— பேருதான் அப்படிண்ணே. சின்ன முனை கேமராவுக்கு, பெரிய முனை கம்ப்யூட்டருக்கு. இந்தப் பழைய கம்ப்யூட்டர் பின்னாடி இதுக்கு எடம் இருக்கு. தூக்கிப் போடச் சொன்னாரே உங்க சாரு, இதேதான்.

— சரி சரி, குத்து.

— வந்துடுச்சுங்க! படம் வந்துடுச்சு!

— அட, ஆமா! சட்டுனு காப்பி பண்ணு.

— சட்டுனெல்லாம் ஆகாது. டேப் ஓடுற வேகத்துலதான் ஏறும். உக்காந்து பாக்க வேண்டியதுதான். அதோ, நம்ம சமையல்கட்டு! இன்னும் பூசவே இல்ல.

— சார், அலமாரிச் சுவத்துல வெறும் செங்கல்தான். பைப் வெளிச்சுவர் ஓரமா சுத்தி வந்து நேரா சிங்க் அடியில ஏறுது.

— நல்லாப் பாருப்பா.

— நல்லாவே பாத்துட்டேன் சார். ஒழுகுறது சிங்க் அடி ஜாயிண்ட்டு. வெளியிலேர்ந்தே பிரிச்சு மாட்டிடலாம். அலமாரியில ஒரு கீறல் விழாது, பாத்துக்கங்க.

— அப்பாடா! போன உசுரு திரும்பி வந்துச்சு.

— எனக்குந்தாம்மா. உடைச்சுட்டு உள்ள ஒண்ணுமில்லேன்னா நீ சும்மாவா விட்டிருப்பே? சரி, நிறுத்து.

— இருங்க. மேஸ்திரி ஏதோ பேசுறாரு... "உங்க வீட்டம்மா சொன்னாங்கன்னு பைப்ப ஊரச் சுத்தி இழுத்தாச்சு. அலமாரி வைக்கணுமாம்." நானா? நான் சொன்னதே எனக்கு மறந்துபோச்சுங்க!

— சார், அடுத்தது உங்க குரல் மாதிரி இருக்கே.

— போதும்மா, டேப் தேஞ்சுடப் போகுது.

— தேயட்டும். "அவ சொன்னதுதான் சரி, மேஸ்திரி. அப்படியே இருக்கட்டும்." ...ஏங்க, இந்த வீட்டுல ஒரு செங்கல்கூட என் பேச்சக் கேட்டு வைக்கலன்னு இத்தன வருஷமா மனசுக்குள்ள புழுங்கிட்டு இருந்தேன்.

— அதுக்கென்னம்மா இப்போ? அன்னைக்கும் நீ சொன்னதுதான் சரி, இன்னைக்கும் நீ சொன்னதுதான் சரி.

— இருங்க, இருங்க! அண்ணே, உங்க போன எடுத்து சார வீடியோ புடிங்க... ம், ஏங்க, இப்ப அதையே திரும்பச் சொல்லுங்க.